ஒழுகாத குளூ கன்

தாயின் கலியாணத்துக்கு முந்திய வாரம்தான் ஹெதரின் குளூ கன் செத்துப்போனது. விசையை அழுத்தினால் உள்ளே பசைக் குச்சி நகராமல் வழுக்கியது. கழற்றிப் பார்த்தாள், துடைத்துப் பார்த்தாள், மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு குப்பை வாளிக்குள் போட்டாள். போட்டது சரியா என்று யோசித்து வெளியே எடுத்து, திரும்பவும் போட்டாள். அந்த வாரம் அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. கதிரையில் இருந்தால் எழும்பவேண்டும் போல இருக்கும். எழும்பினால் எங்கே போவது என்று தெரியாது.

மட்டக்களப்பு டவுனில் கலியாணக் கேக்குக்கு ஸ்ட்ரக்சர் செய்கிறவர்களில் ஹெதரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆட்களுக்குக் கொடுக்கிற கேக் துண்டு துண்டாக வெட்டிப் பெட்டிக்குள் போய்விடும். மேசையில் தட்டுத் தட்டாக உயர்ந்து நிற்பது வெறும் றெஜிபோம், பாரமில்லாத வெள்ளை நுரைக்கட்டி. கத்தி வைக்கிற இடத்தில் மட்டும் உண்மையான கேக் ஒரு துண்டு இருக்கும். அந்த றெஜிபோமைச் சுற்றி சாட்டின் துணியை இழுத்து, விளிம்பில் லேஸ் பிடித்து, முத்து ஒவ்வொன்றாக வைத்து ஒட்டவேண்டும். பசை ஒரு கடுகளவு கூடினாலும் முத்தின் அடியில் பிதுங்கி நிற்கும். கலியாணப் படத்தில் அதுதான் முதலில் கண்ணில் படும் என்று ஹெதர் சொல்வாள்.

தாய் பேர்னிஸ் வவுணதீவு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலையில் இருந்து பென்சன் எடுத்தவள். ஹெதர் ஓ.எல். சோதனை எழுதின வருஷம் புருஷன் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு சின்ன உப்போடை வீட்டில் தாயும் மகளும்தான். பிரஷர் குளிசை எடுக்க மாதாமாதம் வரிசையில் நின்ற வினாயகமூர்த்தியைப் பற்றி பேர்னிஸ் ஒருநாள் இறால் உரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். வவுணதீவில் வயல் செய்கிறவர், பெண்சாதி இல்லை, நல்ல மனுஷன், என்னைக் கட்டக் கேட்டிருக்கிறார், நான் ஓம் சொல்லிவிட்டேன் என்றாள். அவர் சைவ சமயம், தங்களைப் போலக் கிறிஸ்தவர் இல்லை என்பதைக் கடைசியில் சொன்னாள். ஹெதர் கையில் இருந்த இறாலை உரித்து முடித்தாள். உங்கட விருப்பம் மம்மி என்றாள். கொஞ்சம் பொறுத்து, கேக் இல்லாமல் கட்டினால் எங்கட ஆக்கள் என்ன சொல்வார்கள், ஸ்ட்ரக்சர் நான் செய்கிறேன் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

பழைய கன் செத்த அன்றே மெயின் வீதிக்குப் போய் ஒரு ஹார்ட்வெயாரில் புதியது வாங்கினாள். அது பெரிய, சூடு கூடிய கன். மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நல்லதாக இருக்கலாம். ஹெதர் றெஜிபோமில் ஒரு பொட்டு வைத்ததும் அது உள்ளே உருகிக் குழியாகிப்போனது. முதல் தட்டு பழுது. அடுத்த நாள் வேறு கடையில் மலிவாக ஒன்று எடுத்தாள். அதற்குச் சூடு காணாது. விசையை விட்ட பிறகும் மூக்கில் இருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியது, கையை எடுத்தால் சிலந்தி நூல் போல இழுபட்டு வந்தது. லேஸ் முழுக்க நூல். ஹெதர் நகத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தாள். பிடுங்கிய இடத்தில் லேஸும் கிழிந்தது. இரண்டு கன்னையும் ஜன்னலில் வைத்துவிட்டு வீட்டைச் சுற்றி நடந்தாள்.

பேர்னிஸ் இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கவேண்டும். அடுத்த நாள் காலையிலேயே வினாயகமூர்த்தி தன் வானைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். காத்தான்குடியில் இந்தச் சாமான்கள் நிறைய வைத்திருக்கிற கடை ஒன்று இருக்கிறதாம், பிள்ளை வந்தால் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். ஹெதருக்கு வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. தாய் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெதர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறினாள்.

வான் கல்லடிப் பாலத்தில் ஏறியது. ஹெதர் ஜன்னலை இறக்கினாள், ஏற்றினாள், விரலில் காய்ந்திருந்த பசையை உரித்தாள். கீழே வாவியில் இரண்டு தோணிகள் நின்ற இடத்திலேயே நின்றன. அதைப் பார்க்கவும் எரிச்சலாக இருந்தது. நாவற்குடாவைக் கடக்கும்போது வினாயகமூர்த்தி ஒரு குறுக்கு ஒழுங்கைப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தார். உடனே கண்ணை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டார்.

கடையில் றிஸ்லா என்ற பெண் இருந்தாள். தையலுக்கும் பூ வேலைக்கும் வேண்டிய சாமான் எல்லாம் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. ஹெதர் இருக்கிற கன் எல்லாவற்றையும் மேசையில் வைக்கச் சொன்னாள். பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தாள், விசையை அழுத்தி அது ஒரே சீராகப் போகிறதா, இடையில் பிடிக்கிறதா என்று பார்த்தாள். மூக்குத் தடிப்பானவற்றை ஒரு பக்கம் தள்ளினாள். குறைந்த சூடு, கூடிய சூடு என்று இரண்டு வைக்கிற சுவிட்ச் இல்லாதவற்றையும் தள்ளினாள். மிஞ்சியது மூன்று. பிளக்கில் போட்டுப் பார்க்கவேண்டும் என்றாள்.

றிஸ்லாவுக்கு அது பிடிக்கவில்லை. சூடாக்கினால் மறுகா புதுசெண்டு விக்க ஏலாது தாத்தா என்று ஹெதரிடம் சொன்னாள். அக்காவை அங்கே தாத்தா என்பார்கள். வாங்காமல் விட்டால் மூன்றுக்கும் தான் பொறுப்பு என்று வினாயகமூர்த்தி மெல்லச் சொன்னார். ஹெதர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பிளக் போடப்பட்டது.

ஒரு வெள்ளைத் தாளை விரித்து, மூன்றையும் அதன் மேல் நிறுத்திவைத்துக் காத்திருந்தார்கள். ஒன்று சூடாகும்போதே ஒழுகத் தொடங்கியது. அதைக் கழற்றினாள். மற்ற இரண்டாலும் தாளில் வரிசையாகக் கடுகுப் பொட்டு வைத்தாள். ஒன்றில் முதல் பொட்டுகள் அளவாக வந்தன, போகப் போகச் சூடு விட்டுப்போய்ப் பருத்தன. கடைசி கன்னின் மூக்கு ஊசி போல நீண்டு, மேலே சிவப்பு இறப்பர் உறை போட்டு இருந்தது. அதை எடுத்து ஒரு வரிசையில் பாதி வைத்தபோது கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. ஹெதர் கன்னை வைத்தாள், எடுத்தாள், கடை வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். றிஸ்லா பின்பக்கம் ஜெனரேட்டர் பார்க்கப் போனாள். வினாயகமூர்த்தி ஸ்டூலில் இருந்தபடி, ஒழுகினால் என்ன பிழை என்று கேட்டார். வேறு நேரம் என்றால் ஹெதர் ஒரு வார்த்தையில் முடித்திருப்பாள். அன்று கை சும்மா இருந்தது. ஒழுகினால் முத்து இருக்கவேண்டிய இடத்தில் இராது என்றாள். சூடு கூடினால் றெஜிபோம் உருகும், குறைந்தால் பிடிக்காது, மூக்குத் தடித்தால் லேஸின் துளைக்குள் போகாது, குச்சி மெல்லியதாக இருந்தால்தான் கொஞ்சமாக வரும். நின்றுகொண்டே சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"இவ்வளவும் பார்த்துச் செய்ற நீங்க," என்றார், "இந்தக் கலியாணம் உங்களுக்குப் பிடிக்கல்லதானே பிள்ளை."

ஹெதர் தாளில் இருந்த பொட்டொன்றை நகத்தால் கிளப்பினாள்.

"நான் அப்படிச் சொல்லல்ல அங்கிள்."

"சொல்லல்லத்தான். என்ட மகள் சொல்லிப்போட்டாள். கம்சாயினி. நாவற்குடாவிலதான் இருக்காள், பள்ளிக்கூடத்தில படிப்பிக்காள். அம்மாட கதிரையில இன்னொரு ஆளை இருத்திறீங்களா எண்டு கேட்டாள். அதோட கதைக்கிற இல்ல. கலியாணத்துக்கும் வரமாட்டாளாம்."

அவர் அழவோ முகத்தைத் தூக்கவோ இல்லை. வயல் வட்டையில் தண்ணீர் ஏறவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். ஹெதருக்கு அந்த முகம் தெரியாத பெண்ணின் மேல் முதலில் வந்தது பொறாமைதான். தான் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள். பிறகு அந்த மனுஷன் நாவற்குடா ஒழுங்கையைப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. ஜெனரேட்டர் உறுமியது. கன் திரும்பச் சூடானதும் மிச்ச வரிசையை வைத்து முடித்தாள். கடைசிப் பொட்டும் முதல் பொட்டும் ஒரே அளவு. நூல் இழுபடவில்லை. இதுதான் என்றாள்.

அந்த கன்னில் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அதுவே ஹெதருக்குத் தொல்லையாகிப்போனது. இனி கையை நிறுத்தினால் பழி போட ஒன்றும் இல்லை. பேர்னிஸ் அறைக்குள் உடுப்பு மடிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் ஹெதர் எழும்பிப்போய்ப் பார்த்தாள். அலுமாரியில் ஒரு பக்கம் வெறுமையாகிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடித்தாள், திரும்பி வந்து கொஞ்சம் முத்து ஒட்டினாள், திரும்ப எழும்பினாள். ஒட்டியது மட்டும் வடிவாக வந்தது. நாலு தட்டு, பால் வெள்ளை, கீழ் விளிம்பில் மெல்லிய லேஸ். அவள் செய்ததிலேயே அதுதான் சிறப்பு.

கலியாண நாளில் வெயில் ஏறுமுன் புறப்படுவது என்றுதான் பேச்சு. பதிவாளர் வவுணதீவு வீட்டுக்கே வருவதாக இருந்தது. பேர்னிஸ் சொந்தக்காரர்களோடு முன்னே போனாள். பிரதீஸ் என்ற டிரைவர் வாடகை வானைக் கொண்டுவந்ததும் ஹெதர் ஸ்ட்ரக்சரைப் பின்னால் ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு, சேலையை ஒருதரம் சரிசெய்துகொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். போனவள் வரவில்லை. மடிப்பைக் கலைத்துத் திரும்பவும் எடுத்தாள். காஸ் அடுப்பைப் பூட்டினேனா என்று பார்த்தாள். தாயின் கட்டிலில் விரிப்பைத் தட்டிவிட்டாள். சும்மா நின்றாள். பிரதீஸ் மாமர நிழலில் போன் பார்த்துக்கொண்டிருந்தான். வான் நடு வெயிலில் பூட்டியபடி நின்றது.

குறைந்த சூட்டில் உருகுகிற பசை வெயிலிலேயே இளகும். ஹெதருக்கு அது தெரியாததல்ல. தொழில் தொடங்கிய நாளில் இருந்து தெரியும். அன்று அது நினைவில் இல்லை. வலையிறவுப் பாலத்தில் வான் ஒரு குழியில் விழுந்தபோது பின்னால் மணி உருள்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். மேல் தட்டுச் சரிந்திருந்தது. லேஸ் நாக்குப் போலத் தொங்கியது. முத்துகள் வானின் தரையில் அங்கும் இங்கும் ஓடின.

வினாயகமூர்த்தியின் வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். பதிவாளர் வந்து கதிரையில் இருந்துவிட்டார். ஸ்ட்ரக்சரைப் பக்கத்து அறைக்குள் இறக்கியதும் பேர்னிஸ் வந்து பார்த்தாள். நீலச் சேலையில், தலையில் ஒரு பூவோடு நின்றாள். அவள் கேக்கைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தாள்.

"கேக் கிடக்கட்டும் மனே. நீ வந்திட்டாய்தானே. வராமல் விட்டிருவியோ எண்டு பயந்துபோனன்."

"வராமல் எங்க மம்மி போற," என்றாள் ஹெதர். "பத்து நிமிஷம் தாங்க. ஒட்டித் தாறன்."

கன்னைப் பையில் வைத்திருந்தாள். பிளக்கில் போட்டுத் தரையில் இருந்தாள். சூடாகும் மட்டும் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் தட்டைப் பிடித்தால் லேஸைப் பிடிக்க ஆள் இல்லை, லேஸைப் பிடித்தால் தட்டுச் சரிந்தது. அப்போது வாசலில் ஒரு பெண் நின்றாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரிச் சாதாரணச் சேலை, தோளில் பை, வேர்த்த முகம். பந்தலுக்குப் போகாமல், வெளியேயும் போகாமல், எந்தக் கதவுக்குப் பின்னால் ஒளியலாம் என்று தேடி வந்தவள் போல இருந்தாள். மூக்கும் கண்ணும் வினாயகமூர்த்தியுடையவை.

"கம்சாயினியா?"

"ஓம். நான் இருக்க வரல்ல. பார்த்திட்டுப் போகத்தான் வந்த."

"சரி," என்றாள் ஹெதர். "போகமுதல் இதைக் கொஞ்சம் பிடிங்க."

கம்சாயினி பையை இறக்கிவிட்டுக் குந்தி, லேஸின் நுனியைப் பிடித்தாள். அவளுடைய விரல்களும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நடுங்குது, விடட்டா என்று கேட்டாள். தன்னுடையதும் நடுங்குகிறது, இழுத்துப் பிடித்தால் தெரியாது என்றாள் ஹெதர். அவள் பொட்டு வைக்க வைக்க மற்றவள் லேஸை அழுத்தினாள். முத்துகளில் பாதிதான் பொறுக்க முடிந்தது. முன்பக்கத்துக்கு மட்டும் வைத்து, பின்பக்கத்தைச் சுவரோடு தள்ளிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். யாரோ வந்து பதிவாளர் அவசரப்படுகிறார் என்றார்கள். பிறகு வினாயகமூர்த்தியே வந்தார். ஹெதரைக் கூப்பிட வாயைத் திறந்தவர், பக்கத்தில் குந்தியிருந்தவளைக் கண்டார். மகள் நிமிரவில்லை. முத்தை அழுத்தியபடி, இதோ முடியுது அப்பா என்று மட்டும் சொன்னாள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு போய்ப் பதிவாளருக்கு இன்னொரு சோடா கொடுக்கச் சொன்னார்.

கையெழுத்து வைத்தார்கள். கேக் வெட்டினார்கள். பின்பக்கம் மொட்டையாக இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. கம்சாயினி பந்தலின் கடைசிக் கதிரையில் இருந்தாள். பேர்னிஸ் கேக் பெட்டியைக் கொண்டுபோய் நீட்டியபோது வாங்கிக்கொண்டாள். சிரிக்கவில்லை.

பின்னேரம் வாடகை வானில் நாவற்குடாவரைக்கும் வரலாமா என்று அவள்தான் கேட்டாள். வாவிக்கு மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. வழி நெடுக அவள் தன் சேலையில் ஒட்டியிருந்த பசையைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். நாவற்குடாவுக்கு முதல் சின்ன உப்போடை வந்ததும், வீட்டில் ஆர் இருக்கா என்று கேட்டாள். ஒருத்தரும் இல்லை என்றாள் ஹெதர். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னாள். கம்சாயினி மணிக்கூட்டைப் பார்த்தாள், பிரதீஸைப் பார்த்தாள், இறங்கினாள்.

ஹெதர் எல்லா அறையிலும் லைட்டைப் போட்டாள். தாயின் அறைக் கதவைத் திறந்தாள், சாத்தினாள், திறந்தே விட்டாள். கேத்திலை அடுப்பில் வைத்தாள். வெளியே வந்தபோது கம்சாயினி முன்னால் கிடந்த கதிரையில் இருந்து, கேக் பெட்டியை மடியில் வைத்திருந்தாள்.

"இருங்களன் அக்கா," என்றாள். "உங்களைப் பார்க்க எனக்கும் எழும்பவேணும் போல வருது."

ஹெதர் எதிரில் கிடந்த கதிரையில் இருந்தாள். கேத்தில் கொதிக்கும் மட்டும் எழும்பாமல் இருந்தாள்.