போதகருக்குச் சர்க்கரை போடாத பன்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் வீட்டுக்குச் சாப்பாடு போகும். சவாயீத் தீவின் எங்கள் கரையில் இதற்கு மாற்றுப் பேச்சே கிடையாது. எந்தக் குடும்பம் என்ன கொண்டுவந்தது என்று சபையின் கட்டியக்காரர் மலாக்கி வாசலில் நின்று ஊர் கேட்கக் கூவுவார். எவ்வளவு சர்க்கரை விழுந்ததோ அவ்வளவு மரியாதை. குறைத்தால் கஞ்சத்தனம். போதகர் வேண்டாமென்றால் கொண்டுவந்த குடும்பத்தையே வேண்டாமென்றதாகிவிடும். அதனால் கொடுப்பவர்களும் குறைப்பதில்லை, அவரும் மறுப்பதில்லை.

செதெஃபானோ போதகருக்கு மூன்று மாதமாக இடது காலில் கட்டு. சர்க்கரை வியாதிப் புண். ஒரு விரலை எடுத்தாயிற்று, அடுத்தது பாதம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஊருக்கே இது தெரியும். தெரிந்தும் போன ஞாயிறு மூன்று பானை இனிப்புக் கோகோச் சோறு போயிற்று.

ஃபுவாத்தினோவால் அதைப் பொறுக்க முடியவில்லை. அவள் புருஷனுக்கும் விரலில்தான் ஆரம்பித்தது. கால் போய், ஆளும் போனான். கடைசி வாரம்வரை அவனுக்கு இனிப்பு பன் சுட்டுக் கொடுத்தது அவள் கைதான்.

இந்த ஞாயிறு அவள் முறை. மாவில் ஒரு சிட்டிகை சர்க்கரைகூடப் போடவில்லை. தட்டு முழுவதற்கும் ஒரே ஒரு கனிந்த வாழைப்பழம். தேங்காய்ப்பாலில் ஆரஞ்சு இலையும் உப்பும் போட்டுக் கொதிக்கவைத்து, மாவு உருண்டைகள்மேல் ஊற்றிச் சுட்டாள். முதல் ஈடு அடியில் களியாகிவிட்டது. பன்றிகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. இரண்டாவது ஈட்டுக்கு மாவைக் கூடுதல் நேரம் பொங்கவிட்டு, பாலையும் சுண்டக் காய்ச்சி ஊற்றினாள். பன் உப்பி வந்தது.

மாதர் சங்கத் தலைவி ஃபியாசிலி வாசனை பிடித்து வந்து ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள்.

"என்னடி இது, சப்புன்னு இருக்கு? சர்க்கரை வாங்க வழியில்லன்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"மூட்டையே இருக்கு அக்கா. வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

சங்கத்தின் மானமே போய்விடும் என்று ஃபியாசிலி ஒரு பாட்டம் பேசித் தீர்த்தாள். ஃபுவாத்தினோ தட்டை இலையால் மூடினாள்.

போதகர் வீட்டு வாசலில் மலாக்கியிடம், சர்க்கரை இல்லாத பன் என்றே கூவச் சொன்னாள். மனுஷன் திருதிருவென்று விழித்தார்.

"இல்லாததை எப்படித் தாயி கூவுறது? என் ஆயுசுல நான் செஞ்சதில்ல."

"அப்போ நானே கூவுறேன்."

கூவிவிட்டு, உள்ளே போய்த் தட்டைப் போதகர் முன்னால் வைத்தாள். பாயில் உட்கார்ந்திருந்த பெரியவர்களில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். போதகர் ஒரு பன்னை எடுத்து மெதுவாக மென்று விழுங்கினார்.  பழக்க தோஷம், அவர் கை பக்கத்தில் ஃபியாசிலி கொண்டுவந்து வைத்திருந்த இனிப்புக் கேக்குக்குப் போயிற்று. ஃபுவாத்தினோ குனிந்து அந்தத் தட்டை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

 போதகர் முன்னாலிருந்து தட்டை எடுத்தவர்கள் எங்கள் ஊரில் கிடையாது.

ஃபியாசிலிக்கு முகம் சிவந்துவிட்டது. "வை அதை. அவரே வேண்டாம்னு சொல்லலியே, நீ யாரு சொல்ல?"

"அவரால சொல்ல முடியாது அக்கா. சொன்னா நீங்க கோச்சுக்குவீங்க. என் மேல கோச்சுக்குங்க, தாங்கிக்கிறேன். எங்க வீட்டுல ஒரு காலை இப்படித்தான் அன்பா ஊட்டி ஊட்டி எடுத்தோம். இன்னொண்ணுக்கு நான் துணைபோக மாட்டேன். அடுத்த முறையும் இதேதான் வரும்."

போதகர் தலை நிமிரவில்லை. கட்டுப்போட்ட காலை இடுப்புத் துணிக்குள் இழுத்துக்கொண்டார். அதுவரை மூலையில் விசிறிக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்தாள். கோகோச் சோற்றுக் கிண்ணத்தைப் புருஷன் முன்னாலிருந்து எடுத்து ஃபுவாத்தினோவிடம் நீட்டினாள்.

"இதையும் வச்சுக்க," என்றாள்.