நிறுத்த முடியாத கொதி

பியருக்கான மால்ட் கூழைத் துடுப்பால் கிளறிக்கொண்டிருந்த கெர்லிண்டே, அம்மா ஒட்டீலி கொதிகூடத்து வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தாள். அப்பாவுக்காக அம்மா மாடிக்கு எடுத்துப்போன சூப் தொடப்படாமல் அப்படியே இருந்தது.

"அப்பா போயிட்டாரு," என்றாள் ஒட்டீலி.

கெர்லிண்டே முதலில் பார்த்தது தெர்மாமீட்டரைத்தான். அறுபத்திரண்டு டிகிரி. அப்படிப் பார்த்ததற்காகப் பின்னால் வெகுநேரம் வெட்கப்பட்டாள். துடுப்பைச் சாத்திவிட்டு மாடிக்கு ஓடினாள். அப்பா கீலியான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக் கிடந்தார். நெற்றியைத் தொட்டாள், இன்னும் சூடு இருந்தது. ஊர் வழக்கப்படி, உயிர் வெளியே போக ஜன்னலைத் திறந்துவிட்டாள். கூழின் மணம் அறைக்குள் வந்தது.

டாக்டருக்கும் பாதிரியாருக்கும் தானே சொல்லிக்கொள்வதாக அம்மா சொன்னாள். "நீ கீழ போ. பாதியில விட்டா எல்லாம் புளிச்சிரும். இவரு இனிமே எங்கயும் போகப்போறதில்ல."

கெர்லிண்டே இறங்கி வந்து மறுபடி துடுப்பை எடுத்தாள். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. அப்பா பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து இந்த இரண்டு வருடங்களாக, செவ்வாய்க்கிழமை தோறும் அவள் ஒருத்திதான் பியர் காய்ச்சினாள். அவர் விழாமல் இருந்திருந்தால் அந்த மாதமே நார்வேக்குக் கிளம்பியிருப்பாள். பெர்கனில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பியர் ஆலையில் வேலை. அவர்கள் அவளுக்காக ஒரு வருடம் காத்திருந்தார்கள். பிறகு வேறு ஆளைப் போட்டுக்கொண்டதாக மரியாதையாக ஒரு கடிதம் வந்தது.

பத்து மணிக்கு, வடித்த சாறு கொப்பரையில் கொதி கண்டது. அப்போதுதான் பக்கத்து ஊர் ஹார்ட்முட் பால் கேனில், பியரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட் கொண்டுவந்தார். அந்தப் பக்கத்துச் சின்ன ஆலைக்காரர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் ஈஸ்ட் வாங்கிக்கொள்வார்கள். அவர் முற்றத்தில் கால் வைக்கும்போது தேவாலயத்தில் சாவு மணி அடித்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மணி ஓயும்வரை அங்கேயே நின்றார். மாடிக்குப் போய் கீலியானைப் பார்த்துவிட்டு வந்து மால்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"கடைசியா அவரு எங்கிட்ட பேசினது இந்த இடத்துலதான் கெர்லி. எடுத்துக்கறேன்னு நான் அப்பவே ஒத்துக்கிட்டேன்."

"எதை மாமா?"

"இந்த ஆலையைத்தான். பொண்ணு நார்வே போகட்டும், நீ வந்து காய்ச்சிக்கோன்னாரு. அடுத்த வாரமே விழுந்துட்டாரு. நான் வந்து கேட்டேன். நீயே வேணாம்னுட்டதா உங்கம்மா சொன்னாங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணான்னு எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு."

அப்படி ஒரு பேச்சு கெர்லிண்டேயின் காதுக்கே வந்ததில்லை. அவள் கரண்டியால் நுரையை வழித்துப் போட்டாள். ஈஸ்ட் நேற்று எடுத்ததா என்று மட்டும் கேட்டாள். இன்று காலையில் எடுத்தது என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

பக்கவாதம் அப்பாவின் பேச்சைக் கொண்டுபோயிருந்தது. இடது கை மட்டும் அசையும். அவள் கட்டிலருகே போகும்போதெல்லாம் அந்தக் கை எழுந்து கதவைக் காட்டும். விடாமல் காட்டும். "கீழ வேலை கெட்டுப்போயிரும்னு பயம் அவருக்கு. போ, போ," என்று அம்மா பக்கத்திலிருந்து சொல்வாள். அவர் மெத்தையை ஓங்கி அறைவார். கண்ணில் நீர் வந்துவிடும். சாகும் காலத்திலும் வேலை வாங்கும் மனிதர் என்று மனதுக்குள் கசந்துகொண்டே அவள் படியிறங்குவாள்.

பன்னிரண்டு மணிக்கு ஒட்டீலி ரொட்டியும் தொத்திறைச்சியும் கொண்டுவந்து வைத்தாள். ஹார்ட்முட்டிடம் என்ன சொன்னாய் என்று கெர்லிண்டே கேட்டாள். அம்மா தெரியாதது போல நடிக்கவில்லை.

"அவரைத் தூக்கி உட்கார வைக்க ரெண்டு ஆள் வேணும். எனக்கு எழுபத்தொண்ணு ஆச்சு." ரொட்டித் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "நீ கிறிஸ்துமஸுக்கு வந்திருப்ப. மத்த நாளெல்லாம்?"

"அவரு கதவைக் காட்டினது எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"ஒவ்வொரு தடவையும் தெரியும்."

கொப்பரையில் சாறு சட்டென்று பொங்கி விளிம்புக்கு வந்தது. கெர்லிண்டே பாய்ந்து தீயைக் குறைத்தாள். கசப்புக்கான ஹாப்ஸ் பூக்களை அள்ளிப் போட்டாள். நுரை தணிந்தது. சுவரில் இருந்த ஆணியில் கார்ச் சாவி தொங்கியது. கொதி முடிய இன்னும் ஒரு மணி நேரம். ஆறியதும் ஈஸ்ட் கலக்கவேண்டும். ஒரு வாரம் நொதித்துப் பொங்கும், ஆறு வாரம் நிலவறையில் கிடக்கும். அதற்குள் அடுத்த செவ்வாய்க்கிழமைகள் வந்துவிடும். அம்மா இன்னும் அங்கேயே நின்றாள். ஏதாவது திட்டு வரும் என்று எதிர்பார்த்தவள் போல இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். கெர்லிண்டே ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டாள்.

டாக்டர் வந்து இறப்புச் சான்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சாறு ஆறவைக்கும் தொட்டிக்குப் போன பிறகு, உடுத்திவிடக் கூப்பிட்டாள் அம்மா. இருவருமாகக் கீலியானைக் கழுவித் துடைத்தார்கள். வெள்ளைச் சட்டையின் வலது கை ஏறியது. இடது கை விறைத்திருந்தது, முழங்கை மடங்கவில்லை.

"முதுகுப் பக்கம் கத்தரிச்சு மாட்டிக்கலாம். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க," என்றாள் ஒட்டீலி.

"வேணாம்."

கெர்லிண்டே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அடுப்படியில் நின்ற சூடு அவள் உள்ளங்கைகளில் இன்னும் இருந்தது. அந்தக் கையை எடுத்து மடியில் வைத்து, விறைப்பு இளகும்படி மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினாள். எதிர்ப்பக்கம் அம்மா சட்டையை விரித்துப் பிடித்தபடி காத்து நின்றாள்.