கே வரிசை, பதினான்காம் நாற்காலி

கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது ஜூன் ஒன்பதாம் தேதி. அது எனக்கு வந்ததல்ல. நான் அங்கே மாலை வகுப்பில் பி.காம். இரண்டாம் ஆண்டுதான் படிக்கிறேன். என் அண்ணன் அமலன் 2019இல் பட்டம் வாங்கிய கல்லூரி அது. "பட்டதாரிகளின் அன்புப் பெற்றோருக்கு" என்று தொடங்கி, அப்பா சிலுவை, அம்மா அல்போன்சா இருவர் பெயருக்கும் எழுதியிருந்தார்கள். புதிய கலையரங்கத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு நாற்காலி நன்கொடையாகத் தர வேண்டும். தருகிறவர் பெயரையும் அவர் சொல்லும் வாசகத்தையும் இருபது சொற்களுக்குள் பித்தளைத் தகட்டில் பொறித்து நாற்காலியின் முதுகில் பொருத்துவார்கள். வாசகம் மாற்றப்படாது. கீழே ஒருங்கிணைப்பாளர் பேராசிரியர் சுந்தர்சிங்கின் கையெழுத்து.

அம்மா கையெழுத்தை மட்டும் இரண்டு முறை பார்த்தாள். "அந்த ஆளுதானளா இது?"

அவர்தான். அண்ணனின் பட்டமளிப்பு விழாவுக்காக அன்று அம்மா தெரேஸ்புரம் மீன் ஏலத்துக்குப் போகவில்லை, அப்பா சங்கு குளிக்கப் போகவில்லை. அனுமதிச் சீட்டு இரண்டும் கையில் இருந்தன. விழா தொடங்கிய பிறகு, விழாவுக்குப் பணம் கொடுத்த கம்பெனியின் ஆட்கள் சிலர் தாமதமாக வந்தார்கள். சுந்தர்சிங் சார் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து என் அப்பா அம்மாவிடம் நின்றார். அவர்களுக்கு இடம் விட்டு, வெளியே நின்று டிவியில் பார்க்கச் சொன்னார். சைக்கிள் ஸ்டாண்டில் வைத்திருந்த அந்த டிவி ஓடவில்லை. ஒரு பெரிய கைதட்டல் கேட்டதும் அது அமலனுக்குத்தான் என்று இருவரும் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். அது வேறு யாருக்கோ.

"குடுப்போம்" என்றாள் அம்மா.

"ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? வெளிய தள்ளுனவனுக்கு நாற்காலியா?" என்றார் அப்பா.

"அவனுக்கு எதுக்கு? நமக்கு. ஸ்டெபி, எழுதுளா."

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெயர்களுக்குக் கீழே: "2019 பட்டமளிப்பு விழாவில் மகன் பட்டம் வாங்கும்போது எங்களை வெளியே போகச் சொன்னார்கள். இப்போது உட்கார்ந்திருக்கிறோம்." எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு சொற்கள்.

"ஒத்த நாற்காலில ரெண்டு பேரு எப்படி இருக்க?" என்றார் அப்பா.

"நீங்க கடலுக்குப் போங்க. ஒங்களுக்கும் சேத்து நான் இருந்துக்கிடுதேன்."

பகலில் நான் பாளை ரோட்டில் வீரபாகு அண்ணாச்சியின் பெயர்ப்பலகைக் கடையில் வேலை பார்க்கிறேன். தகடுகளுக்கான ஆர்டர் எங்கள் கடைக்கே வந்தது. அப்படி வரும் என்று எனக்குத் தெரியாது என்று எழுதினால் பொய்யாகிவிடும். கல்லூரியின் தகடுகள் எல்லாம் எங்களிடம்தான் வரும். வாசகங்களைத் தட்டச்சு செய்து, தாளில் எடுத்து, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வாசகங்கள், பதினெட்டுத் தாள்கள்.

சுந்தர்சிங் சார் கடைக்கு வந்தார்.

"எல்லாம் கரெக்டா இருக்காம்மா?"

"நீங்க படிச்சுப் பாத்துட்டுத்தான் சார் கையெழுத்துப் போடணும்."

அவர் தன் பெயர் இருந்த தாளைத் தேடி எடுத்தார். "எம்.ஃபில். விட்டுப்போச்சே" என்றார். சேர்த்துக் கொடுத்தேன். பிறகு தாள்களின் மூலையை மட்டும் தூக்கித் தூக்கிப் பதினெட்டிலும் கையெழுத்துப் போட்டார். இந்த வேலையில் நான் கண்டது இதுதான்: எல்லோரும் தங்கள் பெயரை மட்டுமே படிக்கிறார்கள். மாலை வகுப்புக்கும் அவர்தான் பொறுப்பு. என் இன்டர்னல் மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது. எங்கள் வாசகம் இருந்த பதினோராவது தாளில் விரல் வைத்துக் காட்டியிருக்கலாம். நான் காட்டவில்லை. அது கோழைத்தனமா துணிச்சலா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி திறப்பு விழா. தகடுகளில் தளர்ந்த திருகுகளை முடுக்குவதற்காக அண்ணாச்சி என்னை ஸ்க்ரூடிரைவருடன் அனுப்பியிருந்தார். அம்மா ஒன்பதரைக்கே வந்து, எங்கள் தகடு இருந்த கே பதினான்கில் உட்கார்ந்துவிட்டாள். பின் வரிசையில் ஒருவர் தகட்டைப் படித்தார். பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார். செல்போன்கள் வெளியே வந்தன. சுந்தர்சிங் சாரும் வந்து படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"என்னம்மா இது?"

"தகடு சார்."

"யாரு எழுதுனது?"

"நாந்தான். செஞ்சது நீங்க, எழுதுனது நான்."

"எந்திரிச்சு கொஞ்சம் வெளிய வாங்க. பேசிக்கிடலாம்."

"ஒருக்க வந்தாச்சி சார்."

பின் வரிசை சிரித்தது. அவர் என் பக்கம் திரும்பினார். "ஸ்டெபி, கழட்டு அத." குரலைத் தாழ்த்தி, "செப்டம்பர்ல இன்டர்னல் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் வேர்வையில் வழுக்கியது. "கையெழுத்தான தகட்ட எடுக்கணும்னா, அதுல உள்ள வாசகத்த முழுசா எழுதி, எதுக்கு எடுக்கணும்னு ஒரு தாள் குடுக்கணும் சார். கடை வழக்கம்" என்றேன். உண்மையான வழக்கம்தான். ஆனால் அதை நாங்கள் யாரிடமும் இவ்வளவு கறாராகக் கேட்டதில்லை.

அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். "எங்களை வெளியே" வரைக்கும் வந்த பேனா நின்றது. தாளைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் பேண்டு வாத்தியம் முழங்கியது. சிறப்பு விருந்தினர் பின்வாசல் வழியாக, எங்கள் வரிசையை ஒட்டிய நடைபாதையில் வந்துகொண்டிருந்தார். சார் சட்டென்று அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் புகுந்து, தகட்டை மறைத்துக்கொண்டு நின்றார். விருந்தினர் புன்னகைத்தபடி கடந்து போனார். சார் நகரப் பார்த்தார். செல்போன்கள் உயர்ந்தன. மறுபடியும் வந்து நின்றார்.

"சார், மறைக்குது" என்றார்கள் பின்னால். அவர் காதில் விழாதவர்போல் இருந்தார். மேடையில் பொன்னாடைக்கு அவர் பெயரை இரண்டு முறை அழைத்தார்கள். அவர் போகவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், அம்மாவும் தட்டினாள். ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

விழா இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் நடந்தது. கடைசி அரை மணி நேரம் அவர் கால் மாற்றி மாற்றி நின்றார். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு நான்கு எட்டுத் தூரம்தான். நான் போய் எடுக்கவில்லை.