நாலாவது கடைவாய்ப் பல்

எலிக்கு மூன்று கடைவாய்ப் பல் வந்தாகிவிட்டது. நாலாவதுதான் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது.

எலி என்பது ஒன்றரை வயதுப் பையன். கையில் கிடைத்ததையெல்லாம் கொறிக்கிறான் என்று அவன் அப்பா வைத்த பெயர். கட்டில் விளிம்பு, செருப்பு வார், டிவி ரிமோட் என்று அந்த வீட்டில் அவன் பல் படாத பொருள் கிடையாது. பெயர் வைத்த அப்பா லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பார், நாலு நாளும் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு சிரிப்பார், கிளம்பிவிடுவார். அம்மா தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். காலை ஏழு மணி வேனில் ஏறினால் திரும்பி வர மாலை ஆறரை ஆகிவிடும். ஆகவே எலியின் ஈறு எந்த இடத்தில் வீங்கியிருக்கிறது, எந்த இடத்தில் கல்லாய் இறுகியிருக்கிறது என்பதெல்லாம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவனுடைய சித்திக்கு. அவளுக்குப் பதினாறு வயது.

போன வருஷம், பத்தாவது பாதியில் இருந்தபோது, ஆறு மாசம் மட்டும் அக்காவுக்கு ஒத்தாசையாக இரு என்று ஊரிலிருந்த அவள் அம்மா சொல்லி அனுப்பினாள். வாயுள்ள பிள்ளையாக இருந்திருந்தால் ஏன், எதற்கு என்று கேட்டிருக்கும். இவள் பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆறு மாசம் பத்தாகி, பத்து பன்னிரண்டாகிவிட்டது. எப்போது போகலாம் என்று அவள் மென்று முழுங்கிக் கேட்டபோதெல்லாம் அக்காவிடம் பதில் தயாராக இருந்தது. கம்பெனியிலேயே பிள்ளைகள் காப்பகம் இருக்கிறது, ஆனால் அங்கே பிசைந்து ஊட்ட ஆள் கிடையாது, தானாக மென்று தின்கிற பிள்ளையைத்தான் எடுப்பார்கள். கடைவாய்ப் பல் நாலும் வரட்டும், கொண்டுபோய் விட்டுவிடுகிறேன், நீ பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போ என்பாள். மாமா ஊரில் இருந்த ஒரு நாள் அவரையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொன்னாள்.

காப்பகத்தில் வருஷத்துக்கு ஒரு முறைதான் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். இந்த வருஷம் ஒரே ஒரு நாற்காலி காலி. பெயர் கொடுத்தவர்கள் வரிசையில் அக்காதான் முதல் ஆள். வியாழக்கிழமை பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அங்கிருக்கிற ஆயா காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றைப் பிள்ளை கையில் கொடுப்பாளாம். மென்று விழுங்கினால் நாற்காலி. துப்பினால் அடுத்த வருஷம். பள்ளிக்கூடத்திலோ, விட்ட இடத்திலிருந்து சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் வீட்டுப் பெரியவர்கள் கையெழுத்தோடு தாள் வந்து சேர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தத் தாள் அலமாரியில் அவளுடைய துணிகளுக்கு அடியில் மடிப்பு கலையாமல் இருந்தது. முதலில் நாற்காலி, பிறகு கையெழுத்து என்று அக்கா கறாராகச் சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை கீழ் இடது ஓரத்தில் ஈறு நாவல்பழ நிறத்தில் உப்பிக்கொண்டு நின்றது. எலி கஞ்சியைக்கூடத் தள்ளிவிட்டான். எச்சில் வழிந்து வழிந்து முகவாய் புண்ணாகிவிட்டது. அந்தப் பக்கத்துக் காதைப் பிடித்துப் பிடித்து இழுத்தான். சட்டையை ஒரு நாளைக்கு ஏழு தடவை மாற்ற வேண்டியிருந்தது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் மருந்துக்கடைக்குப் போனாள். மரத்துப்போகிற களிம்பு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டாள். ரெண்டு வயசுக்குள்ள அதெல்லாம் கூடாது, குளிர்ச்சியாக எதையாவது கடிக்கக் கொடு, காய்ச்சல் வந்தால் மட்டும் டாக்டரிடம் போ என்றார் கடைக்காரர். அக்கா பிள்ளையா என்றும் கேட்டார். ஆமாம் என்றாள். நீ படிக்கலையா என்று கேட்பதற்குள் படி இறங்கிவிட்டாள்.

அவளுக்கென்று ஒரு பக்குவம் இருந்தது. நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டுவாள். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவுவாள். பழைய பருத்தித் துணியை ஈரமாக்கி ஃபிரிட்ஜில் வைத்து, ஜில்லென்று ஆனதும் ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொள்வாள். எடுத்ததும் வலிக்கிற இடத்துக்குப் போகக் கூடாது. முன்பல்லில் தொடங்கி, ஈறு ஓரமாகவே நடந்து நடந்து பின்னால் போக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் தேய்க்கக் கூடாது, அழுத்தி வைத்துக்கொண்டு பத்து எண்ண வேண்டும். ஐந்து எண்ணுவதற்குள் எலியின் தோள் தளரும். பத்தில் கண் சொருகும். யாரும் இல்லாத வீட்டில் அவளுக்கு வாய் இருந்தது.

"வெளிய வாங்க மகாராஜா. வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா?" என்று பல்லைக் கேட்பாள். எலி விரலோடு சேர்த்துச் சிரிப்பான்.

மாலையில் அக்கா வந்து ஒரு தரம் வாயில் விரல் வைத்துப் பார்ப்பாள். தையல் மிஷின் எண்ணெய் வாடை அந்த விரலில் இருக்கும். எத்தனை கழுவினாலும் போகாது. எலி முகத்தைச் சுளித்துத் துப்புவான். பத்து மாசம் சுமந்தது நான், இவனுக்கு விரலுக்குக்கூடச் சித்தி வேணுமாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லி, பிள்ளையைத் தங்கையிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பக்கத்து வீட்டுக்காரியிடமும் வேனில் வருகிறவர்களிடமும், என் தங்கச்சி கை வைத்தால் போதும், அழுகிற பிள்ளை அடங்கிவிடும் என்று பெருமையாகச் சொல்வாள். காதில் விழும்போது தங்கைக்கு வெட்கமாக இருக்கும். உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கவும் செய்யும்.

புதன்கிழமை மதியம் ஈறு வெடித்துப் பல் முளைத்தது. துணி வழியாகவே தெரிந்தது, ஊசி முனை மாதிரி ஒரு குத்தல். துணியை உருவிவிட்டு வெறும் விரலால் தொட்டாள். அதே பல்லின் மறு மூலையிலும் ஒரு முனை. அடுப்பில் வாட்டிய ரொட்டி ஓரம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தாள். எலி யோசித்தான், வலது பக்கம் மென்றான், பிறகு எதற்கும் பார்ப்போம் என்பது போல இடது பக்கம் தள்ளினான். கறுக் என்று சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து ரொட்டி ஓரங்களை வாட்டினாள். முதலில் பழகிய ரொட்டியைக் கொடு, பிறகு ஆயா ரொட்டியைக் கொடுக்கட்டும், வலது பக்கமாக வாயில் வை, அவசரப்படுத்தாதே என்று அக்காவிடம் சொன்னாள். அவள் அத்தனை வார்த்தை ஒரே மூச்சில் பேசி அக்கா கேட்டதில்லை. சரிடி டாக்டரம்மா என்று ரொட்டி டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, பிள்ளையோடு அக்கா வேன் ஏறினாள். அன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள்.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தாள். துப்பிட்டான்டி என்றாள். ஒரு வாய்கூட மெல்லவில்லையாம், ஆயா அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாளாம். தங்கை எலியின் முகத்தைப் பார்த்தாள். அவன் அவள் காதோரத்து முடியைப் பிடித்து இழுத்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. என்ன செய்ய, பிள்ளை மேல் குற்றம் சொல்ல முடியுமா? பாத்திரம் கழுவப் போனவள் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். டப்பாவில் ஒரு ரொட்டி ஓரம்கூட மீதி இல்லை. தூள் மட்டும் இருந்தது. துப்பின ரொட்டியைக் கீழே போட்டிருப்பாள் என்று அவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சமாதானம் மறுநாள் காலைவரைதான் தாங்கியது. வேன் போனதும் எலியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வீட்டில் மீதியிருந்த ரொட்டியைத் துணியில் முடிந்துகொண்டு, தாளையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். கம்பெனிக்கு முக்கால் மணி நேரம். அந்த ஆயாவிடம் இன்னொரு தரம் பார்க்கச் சொல்லிக் கெஞ்சலாம் என்பதுதான் எண்ணம். கெஞ்சி அவளுக்குப் பழக்கமில்லை. வழியெல்லாம் என்ன சொல்வது என்று எலியிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

காப்பகம் கம்பெனியின் பக்கவாட்டில் இருந்தது. நீளமான ஓர் அறை, சின்னச் சின்ன நாற்காலிகள், கதவருகே கழுவிக் கவிழ்த்த தட்டுகள். ஆயா கனத்த உடம்புக்காரி. அக்காவின் பெயரைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"காலர் லைன்காரி தங்கச்சியா நீ? நேத்து மூணு மணி வரைக்கும் நாற்காலியைக் காலியா வச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். எட்டிக்கூடப் பார்க்கலையே உங்க அக்கா."

தங்கை வாயைத் திறந்தாள். சொல்லிப் பார்த்ததெல்லாம் வேறு கேள்விக்கான பதில்கள்.

ஆயா எலியைப் பார்த்தாள். தட்டுப் பக்கம் போய் ஒரு ரொட்டித் துண்டை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கி, ஒரு முனையைக் கடைவாயில் செருகி, கறுக் கறுக்கென்று மென்று, விழுங்கிவிட்டு, இன்னொன்றுக்குக் கை நீட்டினான்.

"நல்லாத்தானே மெல்லுறான்," என்றாள் ஆயா. "இன்னிக்குக் காலையிலதான் அடுத்த ஆளோட பிள்ளையை எடுத்தேன். நேத்து வந்திருந்தா இவனுக்குத்தான்."

ஜன்னல் ஓர நாற்காலியில் ஒரு புதுப் பெண் குழந்தை மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தது.

அவள் வீட்டுக்கு நடந்து வந்தாள். வழியில் எலி தூங்கிவிட்டான். நாலு மணிக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தைப் பூட்டுவார்கள். அந்த நேரத்தில் அவள் எச்சில் துணிகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறரைக்கு அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு உட்காரும் வரைக்கும் தங்கை காத்திருந்தாள். பிறகு, ஆயாவைப் பார்த்தேன் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அக்கா மறுக்கவில்லை. முகத்தைத் துடைத்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கம்பெனிக்குள்ளேயே போகவில்லை என்றாள். வாசலிலிருந்து திரும்பிப் பஸ் நிறுத்தத்தில் மதியம்வரை உட்கார்ந்திருந்தாளாம். ரொட்டி முழுவதையும் எலி அங்கேயே தின்றுவிட்டானாம். பிறகு பேச்சு மடை திறந்துகொண்டது. அந்த ஆயா பதினாறு பிள்ளைக்கு ஒரே ஆள். பிள்ளை அழுதால் லைனிலிருந்து அம்மாவைக் கூப்பிடுவார்கள். மூன்று முறை கூப்பிட்டால் சூப்பர்வைசர் வேலையை விட்டு நிற்கச் சொல்வான், இந்த வருஷமே இரண்டு பேரை நிறுத்திவிட்டான். வீட்டுக்கு வந்தால் சமையல், துணி, பாத்திரம், எல்லாவற்றுக்கும் தனக்கு எத்தனை கை இருக்கிறது?

"நீ இல்லாம அவன் அடங்க மாட்டான்டி. உன் கை மாதிரி யாருக்கு வரும்? அதான் எனக்குப் பயம்."

சொல்லிவிட்டு அக்காவுக்கே கோபம் வந்தது.

"நான் எட்டாவதோட நின்னேன். செத்தா போயிட்டேன்?"

அந்தச் சத்தத்தில், தூங்கிக்கொண்டிருந்த எலி எழுந்துகொண்டான். பல் வெளியே வந்துவிட்டாலும் ஈறு இன்னும் ஆறவில்லை. மாலை வேளையில்தான் அது அதிகம் குடையும். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுதபடி நேராகச் சித்தியிடம் வந்தான், மடியில் ஏறினான், வாயைத் திறந்து காட்டினான். அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

எலிக்குப் புரியவில்லை. அவள் தோளை அடித்தான், கன்னத்தைப் பிடித்தான். அவள் சுவரைப் பார்த்தாள். அக்கா, பிடிடி அவனை என்றாள். பிறகு, என்னடி பிடிவாதம் என்றாள். அப்புறம் வேறு வழியில்லாமல் தானே வந்து தூக்கினாள். அவன் முதுகை வில்லாக வளைத்துக் கத்தினான். விரலைத் துப்பினான். அக்கா போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். மறுபடி துப்பினான். ஃபிரிட்ஜிலிருந்த துணியை எடுத்து, சுற்றத் தெரியாமல் சுற்றி, எடுத்த எடுப்பில் வலிக்கிற இடத்துக்கே போனாள். அவன் புதுப் பல்லால் ஒரு கடி கடித்தான். ஆ என்று கையை உதறினாள். ஆனால் பிள்ளையைக் கீழே விடவில்லை. அறைக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். ஏதோ பாடினாள், பாட்டு மறந்துபோய் முனகினாள். கத்தல் அழுகையாகி, அழுகை விசும்பலாகியது. கடைசியில் அவன் அம்மாவின் கழுத்து வளைவில் முகத்தைப் புதைத்து, அந்த மிஷின் எண்ணெய் விரலையே வாய்க்குள் இழுத்துவைத்துக்கொண்டு, கண்ணை மூடினான்.

தங்கை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து நிமிஷம்.

அக்கா திரும்பினாள். தலை கலைந்து, வியர்த்து, விரலில் பல் தடம் சிவந்திருக்க, அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"பாத்தியா, என்கிட்டயே அடங்கிட்டான்."