வளையத் தெரியாத எஞ்சின்

பல் செட் செய்கிறவரின் கனவில் ஓடிக்கொண்டிருந்த ரயில், ஒரு வியாழக்கிழமை காலை அவர் கண் விழித்த பிறகும் நிற்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் இறங்கி, கூடத்தைக் குறுக்கே கடந்து, தோட்டத்துக் கதவு தாழிட்டிருந்ததால் அதன் முன்னால் நின்றது. தரையில் தண்டவாளம் இல்லை என்பதை அதுவரை அது கவனிக்கவில்லை. கவனித்த பிறகு ஓர் அங்குலம்கூட நகர மறுத்துவிட்டது. எஞ்சின் நல்ல கறுப்பு, கிடத்திய கைக்குழந்தையைவிட நீளம், தூக்க இரண்டு பேர் வேண்டும். பின்னால் பச்சை நிறப் பெட்டிகள். பெட்டிகளின் ஜன்னல்களில் கட்டைவிரல் உயரப் பயணிகள், ஊர் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த எஞ்சினை அவர் கனவு காண்பது புதிதில்லை. கடைத்தெருவில் பொம்மை ரயில் விற்கும் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அதே மாதிரி ஒன்று பல வருஷமாக நின்றது. விலை கேட்டுக்கொண்டு வந்த அன்று அவர் மனைவி, "அதை வாங்கினா நாம அதுலயேதான் குடியிருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். விலை கிடக்கட்டும், அவருடைய தோட்டத்துக்கே அது ஒத்துவராது. எலுமிச்சை மரத்தையும் தண்ணீர்க் குழாயையும் சுற்றி அவர் போட்டிருந்த தண்டவாளம் ஒரு பெரிய தாம்பாளத்தின் விளிம்பு மாதிரி வளையும். நாலு சக்கரத்துக் குட்டி எஞ்சின் ஒன்றுதான் அதில் திரும்பும், அதுவும் முனகிக்கொண்டே. ஆகவே, பெரிய எஞ்சினைத் தூக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்வது என்று அவர் தீர்மானித்திருந்தார். அது இப்படி வீட்டுக்குள் வந்து நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

கணவனும் மனைவியும் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்துத் தண்டவாளத்தில் வைத்தார்கள். பெட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கோத்தார்கள். எஞ்சின் கம்பீரமாகப் புகை விட்டுக் கிளம்பி, எலுமிச்சை மரத்தடி வளைவில் அப்படியே நேராகப் போய், மண்ணில் மூக்கைக் குத்திக்கொண்டது. வெங்காய மூட்டைகளும் தகரப் பெட்டிகளும் உருண்டன. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு இறங்கி, கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்.

"சார், இது வளையற வண்டி இல்ல. நேரா போனா ஊர் வரும்னு சொல்லித்தான் அனுப்புனாங்க."

"எந்த ஊரு?"

"டிக்கெட்ல பேரு இல்ல. எழுதிட்டு இருக்கும்போதே நீங்க முழிச்சுட்டீங்க."

பல்லுக்காரர் மனைவியைப் பார்த்தார். குறட்டை தாங்காமல் அவரை உலுக்கி எழுப்பியது அவள்தான். "என்னைப் பாக்காதீங்க. அரைகுறையா கனவு கண்டது யாரு?" என்றாள். மிச்சக் கனவைக் கண்டு முடித்துவிடலாம் என்று அவர் அன்று மத்தியானமே போர்த்திக்கொண்டு படுத்தார். கனவில் வரிசையாகக் கடைவாய்ப் பற்கள் மட்டும் வந்தன. மறுநாளும் அதே கதைதான்.

பயணிகள் முதலில் பொறுமையாக இருந்தார்கள். பிறகு முணுமுணுத்தார்கள். பிறகு மனைவியின் புதினாப் பாத்தியில் துணி காயப்போட்டார்கள். அவர்களில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். அவள் மட்டும் ஒன்றும் கேட்காமல் குழாயடிச் செங்கல்லில் உட்கார்ந்து, வயிற்றில் கை வைத்தபடி எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் அந்த ஊரில் வேலையில் இருக்கிறானாம். இவள் போய்ச் சேரும் நாளுக்காக வீடு பிடித்து வைத்திருக்கிறானாம். அவளைக் கடந்து குழாய்க்குப் போகும்போதெல்லாம் பல்லுக்காரருக்கு நெஞ்சு உறுத்தியது. எஞ்சினுக்கு ஆசைப்பட்டது அவர், அல்லாடுவது இவள்.

அவர் மனைவி நகராட்சியில் நில அளவையாளர். பணிவானவள் என்று யாரும் அவளைச் சொன்னதில்லை. ஒரு நாள் காலை அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, அளக்கும் கருவியை மூன்று கால்களோடு தோட்டத்தில் நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். "சமையலறை, கூடம், வாசல், எதிர்வீட்டு வக்கீல், அதுக்குப் பின்னால சலூன், அப்புறம் நாற்காலிக் கடை. நேர்கோடு தெரியுது. தண்டவாளத்தைப் பிடுங்குங்க" என்றாள். தண்டவாளத்தில் எல்லாத் துண்டும் வளைந்தவைதான். பல் செட்டுக்கு மெழுகு உருக்கும் அடுப்பில் அவர் ஒவ்வொரு துண்டாகக் காட்டி நிமிர்த்தினார். நிமிர்த்தியதும் ரயிலின் நீளத்தைவிட ஒரு முழம்தான் கூட இருந்தது. புதிதாக வாங்கக் கையில் காசில்லை. ரயில் தாண்டிய துண்டைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் போடுவது, அது ஊர்ந்ததும் மறுபடி எடுத்துப் போடுவது என்று தொடங்கினார்கள். அவள் கோடு பிடித்தாள், அவர் முழங்காலில் நகர்ந்தார். சமையலறையைக் கடக்கவே முற்பகல் ஆகிவிட்டது.

வக்கீல் தன் வீட்டு வாசலை மறித்து நின்றார். ரயில் கூடத்துக்குள் நுழைந்தால் அது அத்துமீறல், நின்றால் ஆக்கிரமிப்பு, திரும்பிப் போனால் சாட்சியத்தை அழித்தல் என்று மூன்று பிரிவு சொன்னார். எஞ்சின் அவர் செருப்பின் முன்னால் பொறுமையாகப் பெருமூச்சு விட்டது. அப்போது ஒரு பயணி இறங்கி, தன் அண்ணன் வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டதாகவும் அதற்கு என்ன செய்யலாம் என்றும் கேட்டார். வக்கீல் குனிந்தார், கண்ணாடியை மாட்டினார், தரையில் உட்கார்ந்தார். வழக்கு வலுவானது என்று தெரிந்ததும் சோபாவை அவரே இழுத்து ஓரமாகப் போட்டார். சலூனில் மீசை கத்தரிக்கும் கத்தரியால் பயணிகள் எல்லாரும் முடி வெட்டிக்கொண்டார்கள். முடி வெட்டுகிறவர், இவ்வளவு சத்தமில்லாத வாடிக்கையாளர்களைத் தான் பார்த்ததே இல்லை என்றார். அதற்குள் தெருவில் விஷயம் பரவி, கோட்டில் இருந்த வீட்டுக்காரர்கள் தாங்களாகவே கதவைத் திறந்து வைத்தார்கள். கோட்டில் இல்லாதவர்கள் தங்கள் வீடு ஏன் விட்டுப்போயிற்று என்று நில அளவையாளரிடம் சண்டைக்கு வந்தார்கள்.

நாற்காலிக் கடையில், ஒரு சாப்பாட்டு மேசையின் அடியில், கர்ப்பிணிக்கு வலி எடுத்தது. எல்லாரும் கையைப் பிசைந்தார்கள். கடைக்காரர் டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் வந்து தன் விரல்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "என்னால முடியாது" என்று தலையாட்டினார். நில அளவையாளர் தன் புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்க கருவிப் பெட்டி எங்க? எடுங்க."

"நான் பல்லு செய்யறவன்டி."

"கடுகளவு பல்லுக்கெல்லாம் மெருகு போடறீங்கல்ல. கை நடுங்காம பிடிங்க."

அவர் மேசைக்கடியில் குப்புறப் படுத்தார். சின்ன வட்டக் கண்ணாடி, மெல்லிய இடுக்கி, பஞ்சு. மனைவி உருப்பெருக்கிக் கண்ணாடியை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். கடையில் இருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். மூச்சு விட்டால் பெட்டிகள் ஆடுமோ என்று பயம். வேர்க்கடலைப் பருப்பு அளவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம் கேட்டபோது, அதை அடிக்கக் கை ஓங்கிய கடைக்காரரை டாக்டர் பிடித்துக்கொண்டார். தொப்புள்கொடியை வெட்டி, குழந்தையைப் பஞ்சில் சுற்றித் தாயிடம் கொடுத்த பிறகும் பல்லுக்காரர் வெகுநேரம் மேசைக்கடியிலிருந்து வெளியே வரவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது என்றார். மனைவி அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

பிறகு துண்டு எடுத்துப் போடும் வேகம் கூடியது. ஊர் முடிகிற இடத்தில், யாரும் வாங்காமல் கிடந்த ஒரு மேட்டுநிலத்தில், கட்டைவிரல் உயர மனிதன் ஒருவன் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் பின்னால் சின்னக் கூரைகள், ஒரு விளக்குக் கம்பம், பூட்டிய ஒரு புது வீடு. "எவ்ளோ நேரம்! சொன்ன நேரத்துக்கு வர்ற வண்டியா இது?" என்று கார்டிடம் சீறினான். தன் மனைவி கையில் இருந்த பஞ்சைப் பார்த்ததும் குடையைக் கீழே போட்டான்.

நில அளவையாளர் அந்த ஊரை நகராட்சி வரைபடத்தில் புள்ளியாகக் குறித்தாள். மேலதிகாரி கேட்டதற்கு, "இருக்கறத வரைஞ்சேன்" என்றாள். பெயர் எழுதும் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, அங்குள்ளவர்கள் கூடிப் பேசி முடிவு செய்யப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எஞ்சினுக்குத் திரும்பத் தெரியாததால் வந்த வழியே பின்னோக்கி வந்தது. தெருக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தண்டவாளம் வாங்கிப்போட, அது தினமும் போகவும் வரவும் தொடங்கியது. அந்தக் கோட்டில் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் தண்ணீர் வசதியைக் கேட்கிறார்கள், அடுத்து கூடத்தில் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்கள். மேசைக்கடியில் பிறந்த பெண் வளர்ந்து எஞ்சின் ஓட்டுநர் ஆனாள், தன் அப்பாவைப் போல நேரத்தில் கறார். காலையில் அவள் விசில் கேட்டதும் வக்கீல் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு கால்களையும் தூக்கிக்கொள்வார். கடைசிப் பெட்டி போனதும் கீழே வைப்பார்.