முகம் கழுவ வந்தவர்கள்

வந்தார்கள், பையை வைத்தார்கள், முகம் கழுவினார்கள், போனார்கள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இதை மாற்றாமல் விட்டால் பாவமா என்ன? அடுத்து வருகிறவரும் முகம்தானே கழுவப் போகிறார்.

ஏழாம் எண் அறை வாசலில் நின்று இப்படி யோசித்த விடுதிக்காரி, கடைசியில் விரிப்பை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். பதினெட்டு வருடப் பழக்கம், லேசில் விடுமா?

அதிவேக ரயில் வரப்போகிறது என்றதும் ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. அவளும் மாடியில் நான்கு அறைகள் கட்டினாள். சொன்ன நாளில் ரயிலும் வந்தது. நகரத்திலிருந்து ஆறு மணி நேரப் பயணம் ஒன்றேகால் மணி நேரமானது. முன்பெல்லாம் பேருந்தில் இடுப்பொடிந்து வருகிறவர்கள் ஒரு நாள் முழுக்கப் படுத்து எழுந்துதான் ஏரியையே பார்ப்பார்கள். இப்போது வருகிறவர்களுக்கு இடுப்பு நன்றாக இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு அறை எடுத்து, முகம் கழுவி, ஏரி முன்னால் படம் பிடித்து, மாலை ரயிலில் ஏறிவிடுகிறார்கள். கூட்டம் மூன்று மடங்கு, தூங்கத்தான் ஆளில்லை.

கீழே கொழுந்தன் காத்திருந்தான். விடுதிக்காரர்கள் சங்கத்தின் செயலாளர். வரவேற்பு மேஜையில் பதிவேட்டை அவனே விரித்து வைத்திருந்தான்.

"அண்ணி, நாளைக்கு சுற்றுலாத் துறை ஆளுங்க வர்றாங்க. ராத்திரி தங்கினவங்க எண்ணிக்கை ஏறியிருந்தாத்தான் நம்ம ஊரு அவங்க பட்டியல்ல வரும். முகம் கழுவ வந்தவங்களையும் தங்கினதா எழுதிடுங்க."

"மத்தவங்க எழுதிட்டாங்களா தம்பி?"

"எல்லாரும் எழுதியாச்சு. ஒருத்தர் மொட்டை மாடிக்கே ரூம் நம்பர் போட்டுட்டார். ஆனா உங்க நோட்டைத்தான் அவங்க நம்புவாங்க. அதுல ஒரு அடித்தல் திருத்தல் கிடையாதே."

இத்தனை வருட நேர்மைக்கு இப்போதுதான் ஒரு உபயோகம் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பட்டியலில் வந்தால் சாலை வரும், படகு வரும், மாடி அறைகளுக்கு ஒருவேளை ஆளும் வரும். பேனாவைக் கையில் எடுத்தாள்.

"மனசு உறுத்துதுன்னா முதல்ல உங்க பொண்ணை எழுதுங்க. இந்த வருஷம் நாலு தடவை வந்தாளே. பொண்ணு அம்மாகிட்ட தங்கினாள்னா யார் கேக்கப் போறா?"

பேருந்துக் காலத்தில் மகள் வருடத்துக்கு ஒரு முறைதான் வருவாள். வந்தால் ஐந்து நாள். ஏழாம் அறைக் கட்டிலில் இருவரும் குறுக்கே படுத்துக்கொண்டு, பேச்சு தீரும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். இந்த வருடம் நான்கு முறையும் மாலை ரயிலுக்கே கிளம்பியவள், "அதான் ரயில் இருக்கேம்மா, நினைச்சா வந்துடலாம்" என்றாள். உள்ளே நுழையும்போதே, திரும்பிப் போக வாகாகச் செருப்பை வெளிப்பக்கம் பார்த்து விட்டிருந்தாள்.

விடுதிக்காரி பேனாவை மூடினாள். பிறகு பதிவேட்டையும்.

"முதல்ல அவ ஒரு ராத்திரி தங்கட்டும் தம்பி, அப்புறம் எழுதுறேன். டீ குடிச்சிட்டுப் போங்க."