மேட்டுக் கோல்

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற மலையில் சோலைமலை கத்தியை ஓங்கிக்கொண்டிருந்தபோது, கீழே ரோட்டில் ஒரு நீல பஸ் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்தபடி ஏறியது.

பக்கத்து நிரையில் நின்ற வீரய்யா எட்டிப் பார்த்தான். "ஒன் கூட்டாளிங்க வந்துட்டானுங்கடா" என்றான்.

சோலைமலை தலையைத் தூக்கவில்லை. குச்சி பிளக்காமல் ஒரே வெட்டில் சாய்வாக விழ வேண்டும். விழுந்தது. அடுத்த செடிக்குப் போனான்.

பஸ்ஸில் வந்தது இலங்கை கால்பந்து அணி. மெட்ராஸுக்கு ஆடப் போகுமுன் மலைக்குளிரில் பயிற்சி எடுக்க வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து அணியோடு ஓர் ஆட்டம் வைத்து, விருந்தும் கொடுக்கத் தோட்டத்துத் துரை ஏற்பாடு செய்திருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன்பு சோலைமலையும் அந்த இலங்கை அணியில்தான் இருந்தான். லயத்து வரிசைவீட்டு வாசலில் கந்தல் துணிப்பந்தை உதைத்துத் தொடங்கியவன். வெறுங்காலோடு தோட்டத்துக்கு ஆடினான். ஹட்டன் டவுன் கிளப் பூட்ஸ் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப் போனது. தோட்டத்து மைதானம் மலையை வெட்டிப் போட்ட சரிவு. அதிலேயே வளர்ந்தவன், டவுனின் சமதரையில் முதல் நாள், பந்து தானாக உருண்டு வரும் என்று காத்துக்கொண்டு நின்றான். ஊரே சிரித்தது. மறுவருஷம் அதே ஊர் அவன் பேரைச் சொல்லிக் கத்தியது. பிறகு கொழும்புக் கிளப் அழைத்தது. பேருக்கு ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை, சம்பளமெல்லாம் கோல் அடிக்கத்தான். இரண்டு வருஷத்தில் இலங்கை அணியின் நடு முன்வரிசையில் அவனை நிறுத்தினார்கள். பயணக் கோட்டுக்கு அளவெடுத்த தையல்காரர், இவ்வளவு நீளக் கையை நான் பார்த்ததே இல்லை என்றார்.

அதற்கப்புறம்தான் பாஸ்போர்ட் கேட்டார்கள். சோலைமலையின் அப்பா கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இந்தத் தோட்டத்தில் செத்தவர். புதைத்த இடத்தில் இப்போது தேயிலை நிற்கிறது. ஆனால் அவர் பிறந்ததற்குக் காகிதம் இல்லை; பிரஜாவுரிமைக்கு அது வேண்டுமாம். நீ இந்தியாக்காரன் என்று சொல்லி, இந்தியாவுக்குப் போகவிடாமல் நிறுத்தினார்கள். பிரஜை இல்லாதவனுக்கு எங்களிடமும் இடமில்லை என்று கம்பெனியும் கைகழுவியது. துரைதான் மறுபடி பெரட்டில், காலை ஆள்கணக்கில், பேர் பதிந்துகொண்டார்.

வேலை முடிகிற நேரத்தில் கணக்கப்பிள்ளை பழனியாண்டி மலைக்கு வந்தார். தோட்டத்து அணிக்கு அவர்தான் பொறுப்பு. சோலைமலையைத் தனியே அழைத்தார்.

"விருந்தாளிங்க ஜெயிக்கணும்னு தொரைக்கு ஆசை. நீ ஆடு, வேணாங்கல. ஆனா அடக்கி ஆடு. ஒனக்கு வேல போட்டுக் குடுத்தது யாருன்னு நெனப்பிருக்கட்டும்."

"சரிங்கய்யா" என்றான். சரி என்று சொன்ன வாய் கசந்தது.

சாயங்காலம் பீலியடியில் அவன் மனைவி அழகம்மா குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டபடியே குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பேர வெட்டிட்டா என்னா செய்யிறது?" என்று கேட்டான்.

"என் பேரு இருக்குல்ல. நான் கொழுந்தெடுக்கிறேன். கையக் கட்டிக்கிட்டு தோத்துட்டு மட்டும் வந்துடாதீங்க, எனக்குப் பொறுக்காது."

ஞாயிற்றுக்கிழமை லயமெல்லாம் மைதானத்தைச் சுற்றி நின்றது. மேட்டுக் கோலுக்கும் பள்ளத்துக் கோலுக்கும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் வித்தியாசம். அந்த மாதத்தில் பின்னேரம் மூடுபனி ஏறிவிடும், இரண்டாம் பாதி நடப்பது சந்தேகம். அதனால் டாஸ் ஜெயித்தவர்கள் பள்ளத்தைப் பார்த்து அடிக்கவே கேட்பார்கள்.

டாஸ் சோலைமலைக்கு விழுந்தது. "நாங்க மேட்டப் பாத்து அடிக்கிறோம்" என்றான்.

பழனியாண்டியின் முகம் மலர்ந்தது. துரை புகைக்குழாயைக் கடித்தபடி சிரித்தார். லயத்து ஜனத்துக்கு மட்டும் முகம் விழுந்துவிட்டது.

கொழும்புக்காரர்கள் சரிவில் ஓடிப் பழகாதவர்கள். தட்டிவிட்ட பந்து அவர்களை முந்திக்கொண்டு ஓடையில் போய் விழுந்தது. ஒருமுறை மட்டும் நேராக இறங்கிக் கோலுக்குள் புகுந்தது. சோலைமலை பந்தைப் புல்லோடு வைத்துக்கொண்டு, நிரை பிடித்து மலை ஏறுகிற மாதிரி ஏறினான். முதல் கோல் இடது காலால். இரண்டாவது, மூன்று பேரைத் தாண்டி, கோல்காப்பாளன் விழுந்த பிறகு. அழகம்மா குளிருக்குப் போர்த்தியிருந்த கொங்காணியை அவிழ்த்துத் தலைக்கு மேலே சுற்றினாள். இரண்டுக்கு ஒன்று.

இடைவேளையில் மூடுபனி ஏறியது. மேட்டுக் கோல் மறைந்தது. துரை நடுவரிடம் பேசிவிட்டு வந்து, பாதி ஆட்டம் ஆட்டமல்ல, கணக்கில் வராது என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். பழனியாண்டி அதைத் தமிழில் சொன்னார். பிறகு சோலைமலையிடம் வந்து, கூட்டத்தைப் பார்த்தபடி, வாயசையாமல் சொன்னார்: "நாளைக்குப் பெரட்டுக்கு வராத. ஒனக்குப் பேரில்ல."

"எனக்கு எங்கங்கய்யா பேரு இருந்துச்சு?" என்றான் சோலைமலை. "ஸ்கோர மட்டும் மாத்திச் சொல்லாதீங்க. ரெண்டுக்கு ஒண்ணு."

ஃபேக்டரி வாசலில் தேநீர் கொடுத்தார்கள். குளிருக்குப் பயணக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு நிமல் அவனைத் தேடி வந்தான். கொழும்புக் கிளப்பில் ஒன்றாக ஆடியவன். சோலைமலையின் இடத்துக்கு அவனைத்தான் எடுத்திருந்தார்கள்.

"ஹொந்தட்ட கெஹுவா, மல்லி", நல்லா அடிச்ச தம்பி, என்று முதுகைத் தட்டிக் கையை நீட்டினான். கையைக் காணோம். கோட்டின் கை விரலையும் தாண்டித் தொங்கியது. புதிதாகத் தைக்க நேரமில்லை என்று நிமல் தலைகுனிந்தான்.

தனக்கு அளவெடுத்துத் தைத்த அந்தக் கோட்டைச் சோலைமலை ஒருநாள்கூடப் போட்டதில்லை. நிமலின் கையைப் பிடித்து, நீலத் துணியை ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு என்று மணிக்கட்டு வரை ஏற்றிவிட்டான். பிறகு சிங்களத்திலேயே சொன்னான்:

"அங்க யாராவது கேட்டா, இது சோலைமலையோட கைன்னு சொல்லு."

பஸ் கிளம்பியது. அழகம்மா வந்து பக்கத்தில் நின்றாள். முதல் வளைவில் ஜன்னல் வழியே நிமல் கையசைத்தான். அதற்குள் மடிப்பு அவிழ்ந்துவிட்டிருந்தது. பனிக்குள் வெறும் நீலக் கோட்டுக் கை மட்டும் ஆடிக்கொண்டே போனது.